ஆழ்கடலின் மூச்சு

கடலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் ‘பரவை’ என்பது அதன் பரப்பை நினைவூட்டும். ‘ஆழி’ என்பது அதன் ஆழத்தை நினைவூட்டும். பரவையோடு மனிதன் நெடுங்காலமாகப் பழகியிருக்கின்றான். வள்ளமோட்டியும், வலை வீசியும், முத்துக் குளித்தும் அதன் இயல்புகளை ஒருவாறு அறிந்துள்ளான். ஆழியைப் பற்றி அவன் அறியத் தொடங்கியது மிக அண்மைக் காலத்திலேயே எனலாம். சமுத்திரங்களின் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீற்றர். மீனவர் கணக்கிற் சொன்னால் இரண்டாயிரம் பாகம். சூரிய ஒளியோ 200 மீற்றர் ஆழத்துக்குள்ளேயே தாவரங்களுக்குப் பயன்படாத அளவுக்கு மங்கிவிடுகின்றது. அதற்குக் கீழே வரவர மிகும் இருளும், கடுங்குளிரும், பேரமுக்கமுமே உள்ளன.

அவ்விருளில் வாழும் உயிர் எவ்வாறு மூச்சு விடுகின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். நிலத்தில் வாழும் உயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசன் காற்றில் நிறைந்திருக்கின்றது. ஒரு லீற்றர் காற்றில் அது 210 மில்லிலீற்றர் அளவு உண்டு. கடல்நீரிலோ, மேற்பரப்பில் ஒரு லீற்றரிற் கரைந்திருக்கக் கூடியது ஏறக்குறைய ஐந்து முதல் எட்டு மில்லிலீற்றர் வரைதான். மேற்பரப்பில் அச்சிறு தொகை செலவானாலும் காற்றிலிருந்தும், மிதக்கும் நுண்பாசிகளிலிருந்தும் உடனுக்குடன் ஈடு செய்யப்படும். ஆழத்திலோ காற்றின் தொடர்பு இல்லை. ஒளியின்மையாற் பாசியும் வளர்வதில்லை. ஆகவே, அங்கே ஒட்சிசன் எங்ஙனம் வந்தது, அதைச் செலவிடுவது எது, செலவு வரவை மிஞ்சினால் விளைவது யாது என்ற வினாக்கள் எழுகின்றன.

ஆழத்தில் உயிரே இல்லை என்று கருதப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. எட்வேட் போப்ஸ் என்னும் பிரித்தானிய இயற்கையறிஞர், ஈஜியன் கடலில் வாரித் தேடிப் பார்த்து, 300 பாகத்துக்குக் கீழே உயிர்கள் இரா என்று 1843ஆம் ஆண்டளவிற் கூறினார். பின்னர் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி ஆராய்ந்த ‘சலஞ்சர்’ என்னும் கப்பல், இரண்டாயிரம் பாகத்துக்கும் மேற்பட்ட ஆழங்களிலிருந்து உயிரினங்களை மேலே கொணர்ந்து அக்கருத்தைப் பொய்யாக்கிற்று. 1951ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ‘கலாதியா’ என்ற தென்மார்க்குக் கப்பல், பிலிப்பைன் ஆழியில் 10,190 மீற்றர் ஆழத்திலிருந்து கடற்சாமந்திகளையும், சிப்பிகளையும், கடலட்டைகளையும் வாரி எடுத்தது. அத்தகைய உயிர்கள் வாழ்வதற்கு ஒட்சிசன் வேண்டும். எனவே கடலின் அடிமட்டம்வரை ஒட்சிசன் சென்று சேர்கின்றது என்பது ஐயத்துக்கிடமின்றி விளங்கிற்று.

முதலில் வரவைக் காண்போம். குளிர்ந்த நீரில் வாயுக்கள் மிகுதியாகக் கரையும். சூடேறிய நீரில் அவை குறைவாகவே கரையும். அடுப்பில் வைத்த நீர் கொதிப்பதற்கு முன்னரே பாத்திரத்தின் பக்கங்களிற் சிறு குமிழிகள் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். அவை கரைந்திருந்த காற்று வெளியேறுவதைக் காட்டுவன. கிறீன்லாந்தை அடுத்த கடல்களிலும், அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த கடல்களிலும் மாரிகாலக் குளிர்காற்று மேற்பரப்பு நீரை உறையும் நிலைக்கு அண்மையிற் குளிர்விக்கின்றது. அந்நீர் ஒட்சிசனை நிரம்ப ஏற்றுக்கொள்வதோடு, அடர்த்தியும் மிகுந்து கீழே அமிழ்கின்றது. அமிழ்ந்த நீர் அடித்தளத்தை ஒட்டி மெல்ல மெல்ல உலகச் சமுத்திரங்கள் எங்கும் பரவுகின்றது. இலங்கையின் தெற்கே வெயிலிற் காய்ந்து 28 பாகை வெப்பங் கொண்டிருக்கும் கடலுக்குக் கீழே, மூன்று நான்கு கிலோமீற்றர் ஆழத்தில், ஒன்றிரண்டு பாகை அளவான குளிர்நீர் தங்கியிருக்கின்றது. தென்முனைப் பக்கத்திலிருந்து நெடுந்தூரம் ஊர்ந்து வந்த நீர் அது. ஆழ்கடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் இவ்வாறு முனைக்கடல்களில் ஏற்றப்பட்டு வருவதேயாகும். இடைவழியில் வேறு வரவு மிக அரிது.

இந்த ஒட்சிசனை அளப்பதற்கு எளிய முறையொன்றை வின்க்ளர் என்னும் அங்கேரிய இரசாயனவியலார் 1888இல் வகுத்தார். ஆழத்திலிருந்து எடுத்த நீரைக் காற்றுப் படாமற் போத்தலில் நிரப்பி, அதில் மங்கனீசு உப்பையும், அயடைட்டுக் கலந்த காரத்தையும் சேர்ப்பார்கள். உடனே வீழ்படிவு ஒன்று தோன்றும். நீரில் ஒட்சிசன் இருப்பின் அது கபில நிறமாக மாறும். பின்னர் அமிலஞ் சேர்த்தால், ஒட்சிசனின் அளவுக்குச் சரியான அளவு அயடீன் வெளிப்படும். அதனைத் தயோசல்பேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட்டு அளந்தறியலாம். மாப்பொருளால் உண்டான நீல நிறம் மறையும் கணமே கணக்கு முடியும் கணம். பாடசாலை ஆய்வுகூடத்திற் செய்யத்தக்க இச்சோதனை, திருத்தங்கள் சிலவற்றோடு இன்றும் ஆராய்ச்சிக் கப்பல்களிற் கைக்கொள்ளப்படுகின்றது. புதிய மின்கருவிகளின் அளவு சரியா என்று பார்ப்பதற்கும் இதுவே உரைகல்லாக உள்ளது.

இம்முறையால் அளந்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. வட அத்திலாந்திக்கின் ஆழநீரில் லீற்றருக்கு ஏறக்குறைய ஆறு மில்லிலீற்றர் ஒட்சிசன் உண்டு. அந்நீர் தெற்கே சென்று, அந்தாட்டிக்காவைச் சூழ்ந்தோடும் நீருடன் கலந்து, இந்து சமுத்திரத்துக்கும் பசுபிக் சமுத்திரத்துக்கும் பிரிகின்றது. வட பசுபிக்கை அடையும்போது எஞ்சியிருப்பது ஏறக்குறைய மூன்று மில்லிலீற்றரே. இந்த நெடும் பயணத்துக்கு ஆயிரம் ஆண்டளவு செல்லும். எனவே ஆயிரம் ஆண்டில் ஒவ்வொரு லீற்றரிலும் மூன்று மில்லிலீற்றர், அதாவது நிறையில் நான்கு மில்லிகிராம் அளவு, செலவாகியிருக்கின்றது. மிகச் சிறு செலவுதான். ஆயினும் புது வரவின்றி நடைபெறும் செலவாதலால் அது கருத்தூன்றி நோக்கத்தக்கது.

செலவிடுவோர் யார்? ஆழ்கடலில் மீனும் நண்டும் இருப்பினும், பெருஞ்செலவு பற்றீரியா முதலிய நுண்ணுயிர்களுடையதே. உணவை உட்கொண்டு, ஒட்சிசனைப் பயன்படுத்தி, காபனீரொட்சைட்டை வெளிவிடுவது பேருயிர்க்கும் சிற்றுயிர்க்கும் பொதுவான தொழில். அவற்றுக்கு உணவு இரு வழியாக வருகின்றது. ஒன்று, மேலிருந்து விழும் துகள்கள். இறந்த நுண்பாசிகளும், சிறு விலங்குகளின் கழிவுகளும், பசைபோன்ற பொருள்களும் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுத் துணுக்குகள்போல ஓயாது கீழே இறங்குகின்றன. அதனை அறிஞர் ‘கடற்பனி’ என்பர். அதன் பெரும்பகுதி முதல் ஆயிரம் மீற்றருக்குள் உண்ணப்பட்டு விடுகின்றது. மேலே விளைந்ததில் நூற்றில் ஒன்று அளவே அடித்தளத்தை எட்டும்.

மற்றொன்று, நீரிற் கரைந்துள்ள சேதனப் பொருள். உயிர்களாற் செய்யப்பட்ட, காபன் செறிந்த பொருள்களையே சேதனப் பொருள் என்பது. தேயிலைச் சாயத்தை வடித்தெடுத்தால் இலை வடியில் தங்கும்; நிறமும் சுவையும் நீரோடு இறங்கிவிடும். அதுபோல, கடல்நீரை மிக நுண்ணிய வடிதாளில் வடித்தாலும் தங்காமற் கடந்து செல்லும் பொருள்களே இவை. உயிருள்ள நுண்பாசிகளிலிருந்து கசிவன சில. அவற்றை விலங்குகள் உண்ணும்போது சிந்துவன சில. வைரசுகளால் உடைபட்ட உயிர்க்கலங்களிலிருந்து வெளிப்படுவன சில. ஒரு லீற்றர் ஆழநீரில் இவ்வாறு கரைந்துள்ள காபன் அரை மில்லிகிராம் அளவுதான். ஆயினும் கடல் பெரிதாதலால், முழுத் தொகையும் ஏறக்குறைய 66,000 கோடி தொன் ஆகின்றது. வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டாக உள்ள காபனோடு ஒப்பிடத்தக்க பெருந்தொகை இது. கடலில் வாழும் உயிர்கள் அனைத்திலும் உள்ள காபன் இதன் முன் மிகச் சிறிது.

இவ்வளவு உணவு சூழ இருக்க, கடல்வாழ் விலங்குகள் அதனையே பருகி வாழலாகாதோ என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வினா எழுந்தது. பியூட்டர் என்ற செருமானிய உடற்றொழிலியலார் அவ்வாறே நடைபெறுகின்றது என்றார். நோபெல் பரிசு பெற்ற தென்மார்க்கு அறிஞர் ஓகஸ்ட் குறோக் அதனை ஆராய்ந்து மறுத்தார். கரைந்துள்ள பொருள் உயிர்ப்பொருளிலும் பன்மடங்கு மிகுந்தது என்பது உண்மை. ஆயின் விலங்குகள் அதனால் உயிர் வாழ்கின்றன என்பதற்குச் சான்று இல்லை என அவர் 1934இல் எடுத்துக்காட்டினார். விலங்குகளைப் பற்றிய ஐயம் ஒருவாறு தீர்ந்தது. நுண்ணுயிர்களைப் பற்றிய ஐயம் எஞ்சி நின்றது. ஆழ்கடலின் ஒட்சிசனைச் செலவிடச் செய்வது விழும் துகளா, கரைந்த பொருளா என்பதே அது.

இதற்கு விடை காண்பது கடினமாயிருந்தமைக்குக் காரணம் அளவையின் அருமை. ஒரு லீற்றர் கடல்நீரில் 35 கிராம் உப்பு உண்டு. கரைந்த காபனோ அரை மில்லிகிராம். அதாவது உப்பு எழுபதினாயிரம் பங்கானால் தேடும் பொருள் ஒரு பங்கு. ஆய்வாளரின் கைவிரல் பட்டாலும், போத்தலின் மூடி தூய்மையற்றதாயினும் கணக்குப் பிழைத்துவிடும். பழைய முறைகளில், இரசாயனப் பொருள்களைச் சேர்த்தோ, புறவூதாக் கதிர்களைப் பாய்ச்சியோ சேதனப் பொருளைக் காபனீரொட்சைட்டாக மாற்றி அளந்தனர்.

1988ஆம் ஆண்டில் சுகிமுரா, சுசுக்கி என்னும் யப்பானிய அறிஞர் இருவர் புதியதொரு முறையை வெளியிட்டனர். கடல்நீரைச் சிறிது சிறிதாக, பிளாற்றினம் ஊக்கியாக அமைந்த, 680 பாகை வெப்பமுள்ள குழாயினுட் செலுத்தி எரித்தனர். பழைய முறைகள் காட்டியதிலும் மிகுதியான காபனை அவர்கள் கண்டனர். அதுமட்டுமன்று, ஒட்சிசன் எங்கெங்கே குறைந்ததோ அங்கெல்லாம் கரைந்த காபனும் அதற்கு ஏற்பக் குறைந்திருந்ததாக அவர்களுடைய அளவுகள் காட்டின. அது மெய்யானால், ஆழ்கடலின் ஒட்சிசனைச் செலவிடுவதிற் பெரும்பங்கு கரைந்த பொருளுக்கே உரியதாகும். விழும் துகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்களைத் திருத்தி எழுதவேண்டி நேரும். உலகெங்குமுள்ள ஆய்வாளரிடையே பெரும் பரபரப்பு உண்டாயிற்று.

பலர் அம்முறையைத் தாமும் கையாண்டு பார்த்தனர். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. 1991இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிற் கூடிய ஆய்வாளர், ஒரே நீரை வெவ்வேறு முறைகளால் அளந்த பெறுபேறுகளை ஒப்புநோக்கினர். கருவியும் ஊக்கியும் தாமே வெளிவிடும் காபனைச் சரிவரக் கழிக்காமையால் மிகையான எண்கள் வரலாம் என்பது படிப்படியாக வெளிப்பட்டது. தராசுத் தட்டின் நிறையைக் கழிக்காமற் பொருளை நிறுத்தது போன்றது அது. 1993இல் சுசுக்கி அவர்களே, முன்னர் வெளியிட்ட எண்களை நிலைநாட்ட இயலவில்லை என்று அறிவித்து அவற்றை மீட்டுக்கொண்டார். ஆராய்ச்சி உலகில் இத்தகைய நேர்மை போற்றுதற்குரியது. இதில் ஒரு வியப்பும் உண்டு. உயர்ந்த வெப்பத்தில் எரித்தளக்கும் அம்முறை கைவிடப்படவில்லை. வேண்டாத காபனைக் கழிக்கும் வழிகள் திருத்தமாக வகுக்கப்பட்டபின், அதுவே இன்று எங்கும் வழங்கும் முறையாயிற்று. எல்லா ஆய்வுகூடங்களும் தம் கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஆழ்கடல் நீரை மயாமிப் பல்கலைக்கழகத்தார் சிறு குழாய்களில் அடைத்து வழங்கி வருகின்றனர்.

திருந்திய அளவுகள் தரும் கணக்கு இதுவாகும். வட அத்திலாந்திக்கின் ஆழத்திலிருந்து வட பசுபிக்கின் ஆழம்வரை செல்லும் நீரில், கரைந்த காபன் லீற்றருக்கு 0.15 மில்லிகிராம் அளவு குறைகின்றது. ஒரு பங்கு காபனை எரிக்க நிறையில் ஏறக்குறைய மூன்றரைப் பங்கு ஒட்சிசன் வேண்டும். ஆகவே அக்குறைவுக்கு வேண்டிய ஒட்சிசன் அரை மில்லிகிராம். உண்மையிற் செலவான ஒட்சிசனோ நான்கு மில்லிகிராம். எட்டில் ஒரு பங்குக்கே கரைந்த பொருள் பொறுப்பாளி. எஞ்சிய ஏழு பங்கும் மேலிருந்து விழும் துகள்களின் கணக்கிற் சேரும். பல சமுத்திரங்களின் அளவுகளைத் திரட்டி 2002இல் ஆராய்ந்தோரும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்ற முடிவுக்கே வந்தனர்.

அங்ஙனமாயின், ஒட்சிசனும் இருக்க, நுண்ணுயிரும் இருக்க, அப்பெருந்தொகையான கரைந்த பொருள் உண்ணப்படாமற் கிடப்பது ஏன்? அதன் வயதே வியப்புக்குரியது. பீற்றர் வில்லியம்சும் எலன் டிரபலும் காபன்-14 கொண்டு கணித்து, பசுபிக்கின் ஆழத்தில் உள்ள கரைந்த காபனின் சராசரி வயது ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டு என்று 1987இல் வெளியிட்டனர். நீரின் பயணமே ஆயிரம் ஆண்டளவினதாக, அதிற் கரைந்த பொருள் அதனிலும் பன்மடங்கு முதியதாக இருக்கின்றது. எனவே அது உலகச் சமுத்திரங்களைப் பன்முறை சுற்றி வந்திருத்தல் வேண்டும்.

ஆழ்கடலில் உணவு எவ்வளவு மெதுவாகச் சிதைகின்றது என்பதை எதிர்பாராத நிகழ்ச்சியொன்று உணர்த்திற்று. 1968 ஒக்டோபரில் ‘அல்வின்’ என்னும் ஆராய்ச்சி நீர்மூழ்கி, கப்பலிலிருந்து இறக்கப்படும்போது வடம் அறுந்து, அத்திலாந்திக்கில் ஏறக்குறைய 1,540 மீற்றர் ஆழத்துக்குத் தாழ்ந்தது. உள்ளிருந்தோர் தப்பினர், அவர்களுடைய மதிய உணவு உள்ளே தங்கிவிட்டது. பத்து மாதங்களுக்குப் பின்னர் மேலே தூக்கியபோது, இறைச்சி வைத்த பாணும், அப்பிளும், சுடுநீர்ப் போத்தலில் இருந்த சூப்பும் நீரில் ஊறியிருந்தனவேயன்றிப் பழுதடையவில்லை. அவ்வுணவையே பின்னர் அதே குளிரிற் குளிர்ப்பெட்டியில் வைத்தபோது சில வாரங்களிற் கெட்டுவிட்டது. குளிரோடு பேரமுக்கமும் சேர்ந்து நுண்ணுயிர்களின் தொழிலைத் தாமதப்படுத்தியது என யனாசு முதலிய அறிஞர் 1971இல் விளக்கினர்.

பாணுக்கே இக்கதியாயின், கரைந்த பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எளிதில் உண்ணத்தக்க வெல்லமும் புரதமும் மேற்பரப்பிலேயே உண்ணப்பட்டுவிடுகின்றன. எஞ்சி ஆழத்துக்குச் செல்வன எளிதிற் சிதையாத அமைப்புடையன என்பது ஒரு சாரார் கொள்கை. பொருள் கடினமானதன்று, அது மிக ஐதாகப் பரந்திருப்பதே காரணம் என்பது மற்றொரு சாரார் கொள்கை. ஆயிரக்கணக்கான வகைப் பொருள்கள் ஒவ்வொன்றும் அணுவளவாகச் சிதறிக் கிடக்கும்போது, அவற்றைத் தேடிப் பிடிக்கும் முயற்சிக்கு ஆகும் செலவு, உண்பதால் வரும் பயனிலும் மிகுந்துவிடும். பரந்த வயலிற் சிந்திய நெல்மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவோனின் நிலையே நுண்ணுயிரின் நிலை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆழநீரின் கரைந்த பொருளைச் செறியச் செய்து கொடுத்தபோது நுண்ணுயிர்கள் வளர்ந்தன. அது இரண்டாவது கொள்கைக்கு வலுவூட்டிற்று. இரண்டிலும் உண்மை இருத்தல் கூடும்.

இக்கணக்கெல்லாம் மனிதனுக்கு எதற்கு என்று நேயர்கள் வினவலாம். ஆழ்கடல் உயிர்களுக்கு ஒட்சிசன் கிடைப்பது, வரவு செலவிலும் சிறிதே மிகுந்திருப்பதால்தான். செலவு வரவை நெருங்கிய இடங்கள் கடலில் இப்பொழுதே உள்ளன. அரபிக்கடலில் ஏறக்குறைய 150 மீற்றர் முதல் 1,000 மீற்றர் வரையான நீரில் ஒட்சிசன் பெரும்பாலும் இல்லையென்றே சொல்லலாம். பருவக்காற்று ஆழநீரைக் கிளறி மேலே கொணர்வதாற் பாசி மிகுதியாக விளைந்து, துகள்களும் மிகுதியாக விழுகின்றன. வடக்கே நிலம் அடைத்திருப்பதாற் புதுநீர் வருவதோ அரிது. 1933-34இல் ‘மபாகிஸ்’ என்ற எகிப்தியக் கப்பலிற் சென்று அக்கடலை ஆராய்ந்தோர், ஒட்சிசன் அற்ற மட்டங்களில் விலங்குகள் அருகியிருக்கக் கண்டனர். அத்தகைய நீரில் சில பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைக் கொண்டு வாழ்கின்றன. பயிருக்கு உரம்போலக் கடலுக்கு வேண்டிய நைதரசன் அதனால் வீணாகக் காற்றிற் கலக்கின்றது. வங்காள விரிகுடாவின் இடைமட்டங்களிலும் ஒட்சிசன் மிகக் குறைவே. இவ்விரு கடல்களுக்கும் இடையில் அமைந்த நாடு இலங்கை.

1960 முதல் 2010 வரையான ஐம்பது ஆண்டுகளில் உலகக் கடல்களின் ஒட்சிசன் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு குறைந்துவிட்டதென 2017இற் செருமானிய ஆய்வாளர் கணித்தனர். பூமி சூடேறுவதே இதற்குப் பெருங்காரணம். சூடான நீர் குறைந்த ஒட்சிசனையே ஏற்கும். அன்றியும், சூடேறி அடர்த்தி குறைந்த மேல்நீர், எண்ணெய்போல மேலே தங்கி, கீழ்நீரோடு கலவாது நிற்கும். ஆழத்துக்குச் செல்லும் வரவு இவ்வாறு இருவகையிலும் சுருங்குகின்றது. சூறை முதலிய மீன்கள் ஒட்சிசன் குறைந்த நீரில் இறங்க மாட்டாமல் மேலே நெருக்கப்படும். மேலே நெருங்கிய மீன் வலைக்கு எளிதிற் சிக்கும். அதனை மீன்வளம் பெருகியதென்று கருதுவது தவறாகும்.

இன்று வட பசுபிக்கின் ஆழத்தில் வாழும் உயிர் சுவாசிப்பது, பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் முனைக்கடல்களிற் கரைந்த ஒட்சிசனை. அப்பொழுது சோழர் காலத்துக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். அவ்வாறே, இவ்வாண்டு மாரியில் அக்கடல்களில் அமிழும் நீர் எவ்வளவு ஒட்சிசனைச் சுமந்து செல்கின்றதோ, அவ்வளவே இனிவரும் ஆயிரம் ஆண்டில் ஆழத்து உயிர்களுக்குக் கிடைக்கும். மேற்பரப்பில் நேரும் கேடு ஆழத்தின் கணக்கில் மெதுவாகவே பதியும். பதிந்தபின் அதனைத் திருத்துவதற்கும் அத்துணைக் காலம் செல்லும். காற்றிற் காபனீரொட்சைட்டைப் பெருக்கும் ஒவ்வொரு நாடும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.